ஏழாவது மாடிக்கு ஒரு குடம்

தேசம்மாவின் குடம் குழாயடிக்கு வந்து சேர்ந்துவிட்டது, தேசம்மாவைத்தான் காணவில்லை. மஞ்சள் குடம். கழுத்துப் பக்கம் எப்போதோ வெடித்து, நீல பிளாஸ்டிக் துண்டு ஒன்றை உருக்கி ஒட்டிய குடம். ஜே பிளாக்கில் யாருடைய கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னாலும் இது தேசம்மாவுடையது என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பின்னால் நின்ற கோகிலா அதைக் காலால் மெல்ல ஒதுக்கி, "இன்னிக்கும் ஆள் வரலியா? சரி, கடைசில வெச்சுடு. மூணு நாளா இது ஒண்ணு சுத்திக்கினே கீது" என்றாள். சொல்லிவிட்டுத் தன் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்திக்கொண்டாள், அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. வரிசையில் இன்னும் பின்னால் நின்ற பூங்காவனத்துக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது. மூணு நாளா. திங்கட்கிழமை அவள் தன் குடத்தை வைக்க வந்தபோது மஞ்சள் குடம் வரிசையில் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. நேற்றும் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து, சரி, கெழவி இறங்கி வந்து குடத்தை வைத்துவிட்டு என் முகத்தில் விழிக்கக் கூடாதென்று எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள், வீம்பு பிடித்தவள், இருக்கட்டும், எனக்கு மட்டும் வீம்பு இல்லையா என்று நினைத்துக்கொண்டு போனாள். மூன்று நாளும் மூன்று முறை இறங்கி வந்து வைத்த குடம் என்றல்லவா நினைத்தாள். ஒரே தடவை வைத்த குடம் என்று யாருக்குத் தோன்றும்?

ஆயில் மில் சந்தில் குடம்தான் ஆள். கூவத்தோரம், பழைய எண்ணெய் மில்லின் பின்சுவரை ஒட்டி நாற்பத்தெட்டு வீடு, ஒரு குழாய். விடியும் முன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் உலை வைக்கப் போய்விடுவார்கள். குடம் நிற்கிற இடத்தில் ஆள் நிற்கிற மாதிரி. அதைத் தாண்டிப் போகிறவளை அன்றைக்கே ஊர் நாறடித்துவிடும். முறை வந்ததும், "தேசம்மோவ்!" என்று ஒரு குரல். நாலே எட்டில் வந்து நிற்பாள், கையில் மாவோ புளியோ ஒட்டியிருக்கும். வராவிட்டால் அடுத்து நிற்கிறவள் பிடித்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், வாசலும் நாலு எட்டுதானே. பதினாலு மாதத்துக்கு முன்னால் அந்தச் சந்தை இடித்து, பீரோவையும் சாமிப் படத்தையும் துணி மூட்டையையும் குட்டி லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஏரியைத் தூர்த்துக் கட்டிய இந்த எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுவந்து கொட்டினபோது, இந்தப் பழக்கமும் மூட்டையோடு மூட்டையாக வந்துவிட்டது. மேலே குழாய் இருக்கிறது, அதில் வருவது துணி அலசத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்து கீழே கறுப்புத் தொட்டியில் இறங்குகிறது. ஆக மறுபடியும் வரிசை, மறுபடியும் குடம். திங்கட்கிழமை தேசம்மாவின் முறை வந்தபோது யாராவது குரல் கொடுத்திருப்பார்கள். இங்கே நின்று கத்தினால் மூன்றாவது மாடிக்கே கேட்காது. பிடித்துக்கொண்டுபோய் ஏழாவது மாடி வாசலில் வைக்க யாருக்கு முட்டி இருக்கிறது? அதற்காகக் குடத்தைத் தாண்டிப் போகவும் மனசு வராது. கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள், அது முன்னால் வந்தது, மறுபடி கடைசியில் வைத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. குடத்துக்கு.

"கோகிலா, நீ தேசம்மாக்காவ எப்ப பாத்த?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"தெனம்தான் பாக்கறனே, குடத்த."

இது பதில் என்று நினைத்துத்தான் கோகிலா சொன்னாள், பாவம். பூங்காவனம் மஞ்சள் குடத்தை எடுத்து உள்ளே பார்த்தாள். அடியில் புழுதி படர்ந்திருந்தது, ஒரு மிட்டாய்க் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அலம்பினாள். நிரப்பினாள். தன் பச்சைக் குடத்தைக் காட்டி, "இத்தப் பாத்துக்க, மேல போய்க் குட்துட்டு வரேன்" என்றாள். "ஏழாவது மாடிக்கா? லிப்ட் திங்கக்கெழமைலேர்ந்து வேல செய்யல, தெரியுமில்ல? நீ போக்கா, நான் நவுத்திக்கினே இருக்கேன்" என்றாள் கோகிலா. திங்கட்கிழமையிலிருந்து. அதுவும் திங்கட்கிழமைதானா. எல்லாம் ஏன் அந்த ஒரு நாளிலேயே வந்து விழுகிறது என்று பூங்காவனத்துக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் பார்க்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், சந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த எல்லம்மா கல் இருக்கிறது. அங்கே அவளுக்கு ஓட்டுக் கூரையும் வேப்பமரமும் இருந்தன. ஆடி மாதம் கூழ் ஊற்றினால் சந்தே அவள் முன்னால் உட்கார்ந்து குடிக்கும். இங்கே தலைக்கு மேல் ஆள் நடக்கிற இடத்தில் குந்தியிருக்கிறாள். மனுஷங்களைத்தான் அடுக்கினார்கள் என்றால் சாமியையுமா? பூங்காவனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்தை இடுப்பில் இறுக்கி, தாயே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள். இந்தப் படியைக் கட்டினவன் வாழ்க்கையில் குடம் தூக்கினவன் இல்லை. இடுப்பில் குடம் இருந்தால் குடம் சுவரில் இடிக்கும், அந்தப் பக்கம் மாற்றினால் முழங்கை இடிக்கும், எதிரே ஒருத்தி இறங்கினால் இரண்டு பேரில் ஒருத்தி பின்னாலேயே இறங்கிப்போக வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் பல்பு இல்லை. தண்ணீர் தளும்பி அடிவயிற்றை நனைத்தது. சில்லென்று இருந்தது, நல்லாத்தான் இருந்தது. தேசம்மாக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள். ரெட்ஹில்ஸ் பக்கம் கட்டிக்கொடுத்த மகள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவள். போகிறவள் எதற்குக் குடத்தை வைத்துவிட்டுப் போகிறாள்? மறந்திருப்பாள். தேசம்மாக்கா மறப்பாளா, குடத்தை? மற்ற எதை வேண்டுமானாலும் மறப்பாள். ஒரு போன் போட்டிருக்கலாம், ஆனால் நம்பர் இல்லை. முப்பத்தொரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு நம்பர் எதற்கு?

ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் பூங்காவனம் இருமினால் அந்தப் பக்கம் தேசம்மா, "சுக்குக் கஷாயம் வெச்சுக் குடியேன்டி" என்பாள், குரலை உயர்த்தக்கூட வேண்டாம். தேசம்மாவின் புருஷன் படுக்கையாகக் கிடந்த வருஷத்தில்தான் தட்டுகிற பழக்கம் வந்தது. அவர் தூங்கும்போது பேசினால் விழித்துவிடுவார் என்று அவள் விரல் முட்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள்: இருக்கியா? பூங்காவனம் ஒரு தட்டு: இருக்கேன், வரேன். அவ்வளவுதான் பாஷை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. மகனைப் பெற்ற அன்றைக்கு வலி எடுத்தபோது பூங்காவனம் தட்டினாள், தேசம்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் நின்றாள். வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் தட்டினார்கள். ஒரு தட்டு திரும்பி வந்துவிட்டால் போதும், பிறகு பயம் கிடையாது. ஆள் வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கலாம். இரண்டாவது மாடி வந்துவிட்டது. இதுதான் அவள் வீடு. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே மருமகள் வினோதினி டிவி பார்க்கிற சத்தம். சந்தில் பகலில் கதவைச் சாத்தினால் அந்த வீட்டில் ஏதோ கேடு என்று அர்த்தம், பத்து நிமிஷத்தில் நாலு பேர் வந்து என்னாச்சு என்பார்கள். "பிளாட்னா சாத்திக்கினுதான் இருக்கணும் அத்தே, தொறந்து போட்டா அசிங்கம்" என்று வினோதினி வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். இப்போது எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. எந்த வீட்டில் கேடு என்று யார் கண்டுபிடிப்பது? குடத்தை இறக்கி வைத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தாள். இறக்கினால் மறுபடி தூக்க முடியாது. ஏறினாள்.

இரண்டாவது மாடி. குலுக்கலில் கிடைத்தது. ஆபீஸ்காரர்கள் ஒரு சிவப்பு பக்கெட்டில் சீட்டு போட்டுக் குலுக்கினார்கள், பக்கெட் கூட அவர்கள் கொண்டுவரவில்லை, சந்தில் யாருடையதோ. பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே கொடுங்க சார் என்று கேட்டதற்கு, அப்புறம் பாரபட்சம்னு சொல்வீங்க, குலுக்கல்தான் நியாயம் என்றார்கள். நியாயமாகத்தான் குலுக்கினார்கள், உளுந்தும் பயறும் கலந்து போன மாதிரி நாற்பத்தெட்டு வீடும் ஒன்பது பிளாக்கில் சிதறியது. பூங்காவனம் கையை விட்டு எடுத்தது இரண்டு. தேசம்மா எடுத்தது அதே பிளாக்கில் ஏழு. சீட்டைத் தூரப் பிடித்துப் படித்துவிட்டு, தன் இரண்டு முட்டியையும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். "பூங்காவனம், நாம மாத்திக்கலாமா? ரெண்டு பேரும் ஒத்துக்கினா குடுப்பாங்களாம்." கேட்ட குரலில், நீ இல்லை என்று சொல்ல மாட்டாய் என்பது இருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வினோதினி பின்னாலிருந்து புடவைத் தலைப்பை இழுத்தாள். பூங்காவனம் சொன்னாள்: "மருமக முழுகாம கீறாக்கா. மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." வினோதினிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது உண்மை. எட்டு நாள். டாக்டர் என்று ஒருத்தர் இருந்ததே இல்லை. தேசம்மா உடனே சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஐயோ, மொதல்ல அத்தச் சொல்ல வேணாமாடி, தாயும் புள்ளயும் நல்லா இருக்கட்டும்" என்று வினோதினியின் கன்னத்தைத் தடவி, தன் நெற்றியில் விரல் மடக்கிச் சொடக்கித் திருஷ்டி கழித்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வினோதினி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அதைப் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போதுகூட மாற்றிக்கொண்டிருக்கலாம், சாவி கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் பூங்காவனம் சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் போடாமல் சாமான் கட்டினாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டியது, சுவரில் சாய்ந்து நின்றாள், சுண்ணாம்பு முதுகில் ஒட்டியது. கோபம் வந்தது அவளுக்கு. யார் மேல் என்று தெரியவில்லை, தேசம்மாக்கா மேலேயே வைத்துக்கொண்டாள். எதற்கு அப்படிக் கேட்டாள்? ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, "எங்கடி உன் பேரப்புள்ள? பதினாலு மாசமாச்சு, எருமை கூடப் பெத்திருக்கும்" என்று. எல்லாரும் சிரித்தார்கள். தேசம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, தெரிந்தே இத்தனை மாதம் வாய் திறக்காமல் ஏழு மாடி ஏறி இறங்கியிருக்கிறாள். மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் பூங்காவனத்துக்கு வாய் முந்திவிட்டது. "ஏறி எறங்க முடியலன்னா மேலயே கெடக்கறது! ஒன்ன யாரு கீழ வரச் சொன்னா?" தேசம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு லிப்டுக்குப் போனாள், லிப்டின் கதவு மூடும் வரை இந்தப் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றாள். மேலயே கெடக்கறது. ஒருத்தி கோபத்தில் சொல்கிறதெல்லாம் நடக்குமா? நடப்பதாக இருந்தால் சந்தில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நீ பாடையில போக, உன் கட்ட வேக என்று காலையில் திட்டிக்கொண்டு சாயங்காலம் ஒரே தட்டில் மொச்சை தின்றவர்கள்தானே இரண்டு பேரும்.

அந்தச் சந்து சண்டையை நீள விடாது, அதுதான் விஷயம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரோடு ஒட்டித் திரும்பி நின்றால்தான் மற்றவள் போக முடியும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒட்டி நிற்பாய்? மார் இடிக்கும், புடவை உரசும், "தள்ளுடி" என்று ஒரு வார்த்தை வந்துவிடும், வந்துவிட்டால் சண்டை முடிந்தது. இரண்டு நாளைக்கு மேல் எதுவும் தங்கியதில்லை. அகலமாகக் கட்டியிருந்தால் அந்தச் சந்தில் பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசியிருக்க மாட்டார்கள். இங்கே அவள் ஏழில், இவள் இரண்டில். நான்கு நாளாக யாரும் யாருக்கும் ஒதுங்கி நிற்கத் தேவைப்படவில்லை. நான்கு வருஷம் ஆனாலும் தேவைப்படாது. படிக்கட்டு, கதவு, தாழ்ப்பாள், எல்லாம் சண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தோதாகக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். இன்றைக்கு வியாழன். சண்டைக்கு நாலு நாள், குடத்துக்கு மூணு நாள். லிப்டுக்கும் மூணு நாள். திங்கட்கிழமை காலையில் லிப்டில் இறங்கிக் குடத்தை வைத்திருக்கிறாள். பிறகு லிப்ட் நின்றுவிட்டது. அப்படியானால் அவள் ஏறியிருக்கிறாள். அந்த முட்டியோடு, புழுக்கத்தில், நூற்றுச் சொச்சம் படி. பூங்காவனத்தின் கால் ஒரு படியில் தடுக்கியது, தண்ணீர் சுவரில் அடித்தது. கால் குடம் போயிருக்கும். போகட்டும்.

நான்காவது மாடி. இங்கே, இந்தத் திருப்பத்தில்தான் பங்குனி மாதம் ஒருவரை இறக்கினார்கள். எட்டாவது மாடிக்காரர், யாரோ, பேர் கூடத் தெரியாது. பாடையைத் திருப்ப முடியவில்லை. லிப்டில் நீட்டி வைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலை ஒவ்வொரு படிக்கும் ஆடியது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் சரி சரி என்று தலையாட்டுகிறவரைப் போல இருந்தது. பார்த்துவிட்டு வந்து பூங்காவனம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அன்றைக்குக் குழாயடியில் தேசம்மா சொன்னாள்: "நான் செத்தா என்ன இப்புடி ஒக்கார வெச்சு எறக்காதீங்கடி. வெறகுக் கட்ட மாரி தோள்ல போட்டுக்கினு எறங்கிடுங்க, மானமாச்சும் மிஞ்சும்." எல்லாரும் சிரித்தார்கள், பூங்காவனமும்தான். இப்போது அந்தத் திருப்பத்தில் நின்று அளந்து பார்த்தாள், தன்னையறியாமல், குடத்தை நீட்டிப் பிடித்து. திரும்பாது. சே, என்ன நினைப்பு இது. வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கை குடத்தில் இருந்தது.

ஐந்து. ஒரு வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள், யார் வீடு, தெரியாது. ஒரு குழந்தை அழுகிறது, எதற்கு, தெரியாது. சந்தில் அழுகைச் சத்தத்தை வைத்தே இது யார் பிள்ளை, பசியா பிடிவாதமா என்று சொல்லிவிடுவாள். இருபுறமும் சாம்பல் நிறக் கதவு, ஒரே மாதிரி, ஒரே மாதிரி. பேசாமல் திரும்பிவிடலாமா? குடத்தை இங்கேயே வைத்துவிட்டு, யாராவது இளசுகளைப் போய்ப் பார்க்கச் சொல்லி. போய்ப் பார்க்காத வரைக்கும் தேசம்மாக்கா மகள் வீட்டில்தான் இருக்கிறாள். ரெட்ஹில்ஸில் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டுமே. ஆனால் கால் ஏறிக்கொண்டே இருந்தது, கால் யாரையும் கேட்கவில்லை. ஆறாவது மாடியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள், வந்ததும் உடம்பே லேசானது. மாற்றிக்கொள்ளலாம். கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்ல வேண்டும். மன்னிச்சுக்கோ கின்னிச்சுக்கோ எல்லாம் அப்புறம். "எழுந்து வாக்கா, மூட்டையக் கட்டு, நீ ரெண்டுக்குப் போ, நாங்க மேல வரோம்." வினோதினி குதிப்பாள், குதிக்கட்டும். மகன் முறைப்பான், முறைக்கட்டும். எனக்கும்தான் முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும். தேசம்மாக்கா முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். "ஒன் வூடு எனக்கு இன்னாத்துக்கு" என்பாள். தண்ணியைக் காட்ட வேண்டும். முக்கால் குடம்தான் கீது, மீதிய உன் படிக்கட்டு குடிச்சிடுச்சு என்று சொன்னால் சிரித்துவிடுவாள். சிரிப்பை அடக்கத் தெரியாதவள். இத்தனை சுலபமான விஷயத்தைப் பதினாலு மாதமாக ஏன் செய்யவில்லை என்று பூங்காவனத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசிப் படிகளில் வேகமாகவே ஏறினாள்.

ஏழாவது மாடி. அவள் இங்கே வந்தது ஒரே ஒரு முறை, பால் காய்ச்சிய அன்றைக்கு, லிப்டில். கதவு எண் பதினொன்று என்று ஞாபகம். நீளமான நடைபாதை, கோடியில் ஒரு கம்பிச் சன்னல், அதிலிருந்து மட்டும் வெளிச்சம். பதினொன்று உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே பூட்டு இல்லை. பூட்டு இல்லை என்பதை அவள் கண் பார்த்துவிட்டது, மனசு பார்க்கவில்லை. வாசலில் தேசம்மாவின் ரப்பர் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. குடத்தை இறக்கி வைத்தாள். "தேசம்மாக்கா." கதவைத் தட்டினாள். "யக்கோவ், நான்தான். தண்ணி கொண்டாந்தேன்." பலமாகத் தட்டினாள், உள்ளங்கையால், பிறகு இரண்டு கையாலும். பக்கத்துக் கதவு திறந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்தாள்.

"மெதுவா ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரரு நைட் டியூட்டி பாத்துட்டுத் தூங்கறாரு."

"இந்த வூட்டம்மாவப் பாத்தியாம்மா?"

"யாரு, தெரியாதே. நாங்க வந்து மூணு மாசம்தான் ஆச்சு. கதவு மூடியேதான் இருக்கும்." அந்தப் பெண் யோசித்தாள். "ஆள் இருக்காங்க. சத்தம் கேட்டுச்சே."

"சத்தமா? எப்ப?" பூங்காவனத்துக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பம்மா கேட்டுச்சு?"

"திங்கக்கெழம மத்தியானத்துல இருந்து. சொவத்துல தட்டற சத்தம். டொக் டொக்குனு ரெண்டு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ரெண்டு. ஆணி அடிக்கறாங்கன்னு நெனச்சோம். இவருக்குத் தூக்கமே போச்சு, கோவத்துல எழுந்திரிச்சு நம்ம பக்கத்துல இருந்து ஒரே ஒரு குத்து விட்டாரு. உடனே நின்னுடுச்சு. ராத்திரி மறுபடி ஆரம்பிச்சாங்க, நான் ஒரு தட்டுத் தட்டினேன், நின்னுடுச்சு. செவ்வாக்கெழமையும் அப்படித்தான்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நல்ல மாதிரிதான் ஆன்ட்டி அவங்க. நாம ஒரு தட்டுத் தட்டினா போதும், உடனே அடங்கிடுவாங்க. நேத்து காலையில இருந்து சத்தமே இல்ல."

பூங்காவனம் பிடித்திருந்த கையை விட்டாள். ஒரு தட்டு. இருக்கேன், வரேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தேசம்மாக்கா அதை நம்பி, இதோ வந்துவிடுவாள் என்று கையை இறக்கிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் நான்தான் இருக்கிறேன் என்று நினைத்தாளோ? நினைப்பு தடுமாறி, சந்திலேயே கிடப்பதாக நினைத்தாளோ? திட்டினாளே, ஆனாலும் வருகிறாள் பார் என்று நினைத்தாளோ? பூங்காவனம் கதவருகே மண்டியிட்டு, விரல் முட்டியால், அதிகம் சத்தம் வராமல், இரண்டு தட்டு தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடி இரண்டு. கதவு குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அது மட்டும் கேட்டது. "உன் வூட்டுக்காரர எழுப்பும்மா, கதவ ஒடைக்கணும்" என்று அவள் சொன்னது அவளுக்கே எங்கிருந்தோ கேட்டது. அந்தப் பெண் அப்போதுதான் ஏதோ புரிந்தவளாக உள்ளே ஓடினாள்.

ஒரு ஆள் போதாது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள், தேசம்மாவைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கோடிக்குப் போனாள், கம்பிச் சன்னலில் முகத்தை வைத்தாள். அத்தனை கீழே கறுப்புத் தொட்டி, தொட்டியிலிருந்து வளைந்து போகிற குட்டிக் குட்டிக் குடங்கள், சிவப்பு, நீலம், ஊதா. குழாயடியில் அவளுடைய பச்சைக் குடம் வந்து நின்றிருந்தது. "கோகிலா! ஆளக் கூட்டிக்கினு மேல வா!" என்று கத்தினாள். தொண்டை கிழிகிற மாதிரி இன்னொரு முறை கத்தினாள். கோகிலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்து மூடினாள். கூப்பிடுகிறாள். பூங்காவனக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கோகிலா படியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து பச்சைக் குடத்தை எடுத்தாள், வரிசையை ஒட்டியே நடந்துபோய், கடைசியில் சாயாமல் வைத்தாள்.